கேட்சருக்கு வாய்ப்பூட்டு

இசக்கிசெல்வியின் வாயை அடைக்கக் கொச்சி மட்டாஞ்சேரியில் யாராலும் முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் முயன்று பார்த்து அவரவர் தொண்டையைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். அம்மா செல்வலட்சுமி துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் அடங்குவாள் என்று அண்ணன் இசக்கிராஜா சொன்னான். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே உட்கார்ந்து பேசி, அவர்கள் வீட்டு அண்ணன் தம்பிச் சண்டை ஒன்றைத் தீர்த்து அனுப்பிவைத்தாள். அப்பேர்ப்பட்ட வாய்க்கும் ஒருநாள் பூட்டு விழுந்தது. அதுவும் லீக்கின் இறுதி ஆட்டத்தன்று, மட்டாஞ்சேரியில் பாதி ஊர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தபோது.

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. நடுவில் ஒரு மேட்டில் நின்று பந்தை வீசுகிறவள் பிட்சர். உருட்டு மட்டையோடு எதிரே நிற்பவள் எதிரணிக்காரி. அவள் நாலு மூலையில் இருக்கிற பேஸ்களையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன்; அவள் தவறவிடும் ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அவளுக்குப் பின்னால், முகத்துக்குக் கம்பிக்கூடும் நெஞ்சுக்கும் காலுக்கும் கவசமும் மாட்டிக்கொண்டு ஒருத்தி குந்தியிருக்கிறாளே, அவள்தான் கேட்சர். மட்டையில் படாத பந்தெல்லாம் அவள் கைக்கு வரும். அடுத்த பந்து எப்படி வரவேண்டும் என்று விரலால் சைகை காட்டுவதும் அவளே. அணியில் மற்ற எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முழங்கால் தேயும், விரல் வீங்கும், வேர்வை கண்ணில் இறங்கும். இஷ்டப்பட்டு யாரும் அங்கே போய் உட்காருவதில்லை.

இசக்கிசெல்வியும் இஷ்டப்பட்டுப் போகவில்லை. எட்டாம் வகுப்பில் பி.டி. டீச்சர் அவளை அங்கே உட்காரவைத்ததற்குக் காரணம் திறமை என்று நினைத்தால் அது தப்பு. முகத்தில் கம்பிக்கூடு மாட்டினாலாவது பேச்சு குறையும் என்று அவர் கணக்குப் போட்டார். குறையவில்லை. மட்டை பிடிப்பவளின் காது பக்கத்திலேயே, ஓடிப்போக முடியாதபடி கிடைத்தது அவளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

அவள் பேச்சில் பாதி மட்டாஞ்சேரியே கற்றுக்கொடுத்தது. அந்த ஊரில் ஒரு தெருவைத் தாண்டினால் பாஷை மாறிவிடும். லீவு நாளில் விஸ்வநாத் வீட்டுக்குப் பப்படம் காயவைக்கப் போனாள், கொங்கணி வந்தது. பிளஸ் டூ முடித்து யூசுப் சேட்டின் பாண்டிகசாலைக் கிடங்கில் சுக்கு புடைத்தாள், அவர்கள் கச்சுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கச்சி பாஷை வந்தது. பிறகு குஜராத்தி ரோட்டில் ஜசோதாபென் வீட்டில் கக்கரா என்கிற அப்பளம்போன்ற மொறுமொறு ரொட்டியை அடுக்கிக் கட்டுகிற வேலை, குஜராத்தி வந்தது. இந்த மூன்றில் எதிலும் அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் சாப்பாடு விசாரிக்கவும், புரளி பேசவும், திட்டு வாங்கவும், திட்டவும் எல்லாவற்றிலும் தெரியும். வாழ்க்கைக்கு வேறென்ன வேண்டும்.

இந்த வேலைகளுக்கு நடுவே சாயங்காலமானால் போர்ட் கொச்சி மைதானத்தில் பயிற்சி. கேரள அணிக்கு ஆடினாள், பலமுறை. ரயிலில் கழிவறைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துப் போய் மெடலோடு திரும்பினாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கேட்டுப் போன இடங்களில், இது கிரிக்கெட்டில் சேருமா என்று கேட்டார்கள். சேராது என்றதும் ஃபைலை மூடினார்கள். செல்வலட்சுமி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மகளுக்கும் அங்கே தற்காலிகமாக ஒன்று பிடித்துவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்தாள். அதைக் காதில் வாங்காமல் மகள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏட்டி, குத்தவச்சு உக்காந்து பந்து பொறுக்குறதுக்கு எவன்டி உனக்குச் சோறு போடுவான்?" என்பாள்.

போட ஆள் வந்தது. இந்த வருடம் புதிதாகப் பெண்கள் பேஸ்பால் லீக் ஒன்று தொடங்கினார்கள். மாதாமாதம் சம்பளம், தங்க இடம், பெயர் போட்ட சட்டை. கொச்சி அணிக்குக் கோச்சாக வந்தவள் ஜிஷா. பாலக்காட்டு எல்லைக்காரி, தமிழையும் மலையாளத்தையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுகிறவள், சிரிப்பை மாத்திரம் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவள். அவள் இரண்டு கேட்சர்களை எடுத்தாள். ஒருத்தி இசக்கிசெல்வி. இன்னொருத்தி திருச்சூர் டின்ஸி. டின்ஸி நெட்டையானவள். அவள் மட்டையைச் சுழற்றினால் பந்து மைதானத்து ஓர மரத்துக்கு அந்தப்பக்கம் போய் விழும். கேட்சர் இடத்தில் உட்காராத நாளில் முதல் பேஸில் நிற்பாள்.

அடுத்த வருடத்துக்கு ஒரு கேட்சர்தான் என்று நிர்வாகம் முதலிலேயே சொல்லிவிட்டது. யாரை வைத்துக்கொள்வது என்பதை சீசன் முடிந்ததும் ஜிஷா சொல்ல வேண்டும். டின்ஸிக்கு இருபத்தொன்று. அவளை எந்த அணியும் மட்டைக்காகவே கூப்பிடும். இசக்கிசெல்விக்கு இருபத்தெட்டு. இதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பதினைந்து வருடமாகக் குந்திக் குந்திக் கடைசியில் கேட்சர் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய ஒரே ஒரு சீசனோடு கதை முடிந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். வாய்விட்டு யாரிடமும் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

பயத்துக்கு மருந்து பேச்சு. ஆகவே சீசன் முழுக்கப் பேசினாள். கோவாக்காரி மட்டை பிடிக்க வந்தால் கொங்கணியில் சாப்பாடு ஆச்சா என்று கேட்பாள். கொச்சியில் தன் பாஷை காதில் விழுந்த அதிர்ச்சியில் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கையுறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். டெல்லிக்காரியிடம் இந்தியில் வெயிலைப் பற்றி. தமிழ்நாட்டு அணியிடம், கேட்கவே வேண்டாம், குலம் கோத்திரம் வரைக்கும். தடுக்க ஒரு சட்டமும் இல்லை. கேட்சர் வாயடிப்பது உலகம் பூராவும் உள்ள பழக்கம். என்ன, மற்ற ஊர்க் கேட்சர்கள் எதிரியைக் கலைக்கப் பேசுவார்கள். இவள் பேசியது நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு. பக்கத்தில் ஒரு ஆள் வந்து நிற்கும்போது ஒன்றும் விசாரிக்காமல் இருப்பது மட்டாஞ்சேரியில் மரியாதைக் குறைவு.

அந்த ஆசைதான் அவளை மாட்டிவிட்டது. லீக்கின் கடைசிச் சுற்றில் சூரத் அணியோடு ஆட்டம். அவர்களுடைய பெரிய ஆட்டக்காரி ஹேதல், தோள் அகன்றவள், முறைத்தால் பிட்சர் ஒரு அடி பின்னால் போவாள். அவள் வந்து நின்றதும் இசக்கிசெல்வி வழக்கம்போல் குஜராத்தியில் சாப்பாடு விசாரித்தாள். ஹேதல் முறைக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஹோட்டலில் எதைத் தொட்டாலும் தேங்காயெண்ணெய் என்றும், வந்த நாளிலிருந்து வாழைப்பழத்தில் ஓடுகிறது என்றும் சொன்னாள். இசக்கிசெல்விக்கு மனசு தாங்கவில்லை. நம் ஊருக்கு வந்த பெண் பட்டினியா? கம்பிக்கூட்டைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, குஜராத்தி ரோட்டில் எந்தச் சந்தில் திரும்பினால் ஜசோதாபென் வீடு, என்ன சொல்லிக் கேட்டால் சுடச்சுடக் கிச்சடி கிடைக்கும் என்று கையை நீட்டி வழி சொல்லத் தொடங்கினாள். பந்து வீசச் சொல்லிச் சைகை காட்டியது தானேதான் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று. பிட்சர் அனகா வீசிவிட்டாள். பந்து இரண்டு பேருக்கும் நடுவே விர்ரென்று போய்ப் பின்னால் கயிற்றில் மோதியது. மூன்றாம் பேஸில் நின்ற சூரத்காரி சாவகாசமாக ஓடிவந்து ரன் எடுத்தாள். அந்த ஒரு ரன்னில் கொச்சி தோற்றது.

அதோடு போகவில்லை. அன்று சாயங்காலமே சூரத் அணி மொத்தமும் ஜசோதாபென் வீட்டில் ஆஜர். மறுநாளும் ஆஜர். ஒரு வாரத்தில் அவர்கள் முகத்தில் களை வந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது கொச்சியும் அவர்களும்தான். சூரத்தின் மேனேஜர் நன்றியில்லாத மனுஷன். கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு, கொச்சி கேட்சர் ஆட்டக்காரிகளின் கவனத்தைக் கெடுக்கிறாள் என்று லீக்கில் புகார் கொடுத்தார்.

ஜிஷா அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தாள்.

"எடி, நீ இங்க கேட்சரா, இல்ல அவங்களுக்கு மெஸ் நடத்துறியா?" என்று கேட்டாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். குரலை இறக்கினால்தான் ஜிஷாவிடம் பயப்பட வேண்டும். "ஃபைனல்ல நீதான் உக்காருற. ஆனா பின்னால உக்காந்தா உன் வாயிலேர்ந்து ஒரு சப்தம் வரக்கூடாது. ஒரு வார்த்த வந்தா அந்த நிமிஷமே டின்ஸியை உக்காரவைப்பேன். அடுத்த வருஷமும் அவதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போர்ட் கொச்சி மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. சுற்றிலும் வேலி கிடையாது, கயிறுதான் கட்டியிருந்தார்கள். முதல் பேஸ் பக்கம் முழுக்க மட்டாஞ்சேரி. தோப்பும்படி ஹார்பரிலிருந்து இசக்கிராஜா மீன் ஏற்றும் கூட்டாளிகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தான். யூசுப் சேட் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். விஸ்வநாத் குடும்பத்தோடு வந்திருந்தார். எந்த அணிக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் ஜசோதாபென் இரண்டுக்கும் தட்டினாள். செல்வலட்சுமி கார்ப்பரேஷன் உடுப்போடு நேராக வேலையிலிருந்து வந்து முன்வரிசையில் நின்றாள். மகள் ஆடி அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை.

அம்பயர் ரமேஷ்பாபு, ஹைதராபாத்காரர், மைக்கை வாங்கி எச்சரித்தார். கயிற்றைத் தாண்டி யாரும் உள்ளே வரக்கூடாது. ஆட்டம் நடக்கும்போது உள்ளே வந்தவர் மேல் பந்து பட்டால், மட்டை பிடித்தவளுக்கும் ஓடுகிறவளுக்கும் ஒவ்வொரு பேஸைச் சும்மா கொடுத்துவிடுவேன் என்றார். கூட்டம் நன்றாகத் தலையாட்டியது. எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம்.

ஆட்டம் தொடங்கியது. இசக்கிசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு குந்தினாள். முதலில் வந்த சூரத்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து இப்போது ஏதோ வரப்போகிறது என்று அவள் எதிர்பார்த்ததில் முன்னாலிருந்து வந்ததைக் கோட்டைவிட்டாள். அடுத்தவளும் அப்படியே. மூன்றாவதாக ஹேதல் வந்தாள். இரண்டு பந்து வரை பொறுத்தவள், திரும்பிப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று குஜராத்தியில் கேட்டாள். கேட்ட வேகத்தில் மூன்றாவது பந்தைத் தவறவிட்டாள். இசக்கிசெல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேசாமலே இத்தனை வேலை நடக்குமா!

ஆனால் போகப்போக வேறு ஒன்று தெரிந்தது. வைப்பின் கரையிலிருந்து ஜங்கார் படகு ஏறி வருகிற அனகா, பத்தொன்பது வயதுப் பெண், பயந்த சுபாவம். அவள் கை ஒழுங்காக வேலை செய்தது இத்தனை நாள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான். எதிரணிக்காரியிடம் இவள் அளக்கிற கதை காதில் விழுந்தால் அவளுக்கு வீட்டுத் திண்டாட்டமெல்லாம் மறந்து தோள் இளகும். இன்றைக்கு எதிரே கம்பிக்கூடு போட்ட ஒரு ஊமை. தன்மேல் கோபமோ என்று நினைத்துக்கொண்டாள். பந்து மேலே போனது, பக்கவாட்டில் போனது. நாலு பந்து தப்பாக வந்தால் மட்டை பிடித்தவளுக்கு ஒரு பேஸ் சும்மா கிடைக்கும். சூரத்காரிகள் மட்டையைத் தூக்காமலே பேஸ் பேஸாக நடந்தார்கள். இரண்டு ரன் வந்தது.

இசக்கிசெல்வி அம்பயரிடம் நேரம் கேட்டு மேட்டுக்கு ஓடினாள். குந்துகிற இடத்தில்தானே பேசக்கூடாது, இங்கே பேசலாம். அடைத்துவைத்த அத்தனையையும் அங்கே திறந்துவிட்டாள். அனகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், ஜிஷா சேச்சி போட்டுவைத்த பூட்டு இது என்றும், ஹேதலின் கால்சட்டை ஜசோதாபென் கிச்சடியால் இறுகிப்போயிருப்பதைக் கவனித்தாயா என்றும், யூசுப் சேட் நாற்காலியோடு சரியப்போனதை நீ பார்த்திருக்க வேண்டும் என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள். அனகா சிரித்துவிட்டாள். ரமேஷ்பாபு வந்து தோளைத் தட்டி இழுத்துப்போக வேண்டியிருந்தது. அதன்பிறகு கடைசி இன்னிங்ஸ் வரை அனகா வீசியதில் ஒருத்தியும் மட்டையை வைக்கவில்லை. அதற்குள் டின்ஸி தன் வேலையைக் காட்டினாள். அவள் அடித்த அடியில் பந்து மரத்தைத் தாண்டி ரோட்டில் நின்ற ஆட்டோவில் விழ, மூன்று பேர் ஓடிவந்தார்கள். கொச்சி மூன்று, சூரத் இரண்டு.

கடைசி இன்னிங்ஸ். சூரத்துக்கு இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் ஒருத்தி நிற்கிறாள். மட்டையோடு ஹேதல். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றை அவள் தவறவிட்டால் கோப்பை கொச்சிக்கு. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. இசக்கிசெல்விக்கு நெஞ்சு அடித்த அடியில் கவசமே ஆடியது. விரலைத் தாழ்த்திக் காட்டினாள்: கீழே போடு, மண்ணை ஒட்டி.

அனகா வீசினாள். பந்து வேகமாக வந்து கடைசி நொடியில் விழுந்தது. ஹேதல் ஊரே அதிரச் சுழற்றினாள், காற்றைத்தான் அடித்தாள்.

மைதானம் வெடித்தது. அனகா கையுறையை வானத்துக்கு எறிந்தாள். முதல் பேஸில் நின்ற டின்ஸி ஓலமிட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஹேதல் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப்போட்டாள். மட்டாஞ்சேரி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே பாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் இசக்கிராஜா.

ஆட்டம் முடியவில்லை என்பது ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் கையில் பிடித்தால்தான் அவுட். பந்து மண்ணில் குத்தி, அவள் நெஞ்சில் மோதி, பிடி கொடுக்காமல் துள்ளி, முதல் பேஸ் பக்கத்துக் கயிற்றை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. இனி ஹேதலைப் பந்தால் தொட வேண்டும், இல்லை அவளுக்கு முன்னால் பந்து முதல் பேஸுக்குப் போக வேண்டும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் மூன்றாம் பேஸ்காரியின் ரன் கணக்காகிவிடும், ஆட்டம் சமம். முதல் பேஸிலோ ஆளே இல்லை. உருளுகிற பந்துக்கு எதிரே ஓடிவருவது அவளுடைய சொந்த சனம். ஒருவர் செருப்பில் பட்டாலும் ரமேஷ்பாபு சொன்னது நடக்கும்.

சூரத் பக்கமிருந்து அலறல் வந்தது: ஓடு, ஓடு என்று குஜராத்தியில். கொச்சி அணியில் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். ஹேதல் தலையைத் தூக்கினாள். ஓடத் தொடங்கினாள்.

இசக்கிசெல்வி எழுந்தாள். ஜிஷா சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை வந்தால் அடுத்த வருடம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஆட்டமே இல்லை. யோசிக்க நேரம் இல்லை, யோசித்துப் பேசும் பழக்கமும் அவளுக்கு இல்லை. கம்பிக்கூட்டைப் பிடுங்கி எறிந்தாள்.

"நில்லு! அனங்காம நில்லுங்க எல்லாரும்!"

தமிழில் கத்தினாள். அதே மூச்சில் மலையாளத்தில், கொங்கணியில், கச்சியில், குஜராத்தியில். அந்தந்த வீட்டில் அந்தந்த பாஷையில் தன்னைத் திட்டியவர்களிடமிருந்து கற்ற குரல் அது. கெஞ்சல் அதில் துளியும் கிடையாது. பாய்ந்துவந்த கூட்டம் அப்படியே நின்றது. இசக்கிராஜா ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். விஸ்வநாத் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். யூசுப் சேட் நாற்காலியிலிருந்து எழுந்த பாதியில் நின்றார். பந்து செல்வலட்சுமியின் செருப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி உருண்டு போயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக அவள் மகள் சொன்னதைக் கேட்டாள்.

இன்னொருத்தியும் நின்றாள். முதல் பேஸுக்குப் பாதி வழியில், ஓடிய காலோடு, ஹேதல். அவள் அறிந்து நிற்கவில்லை, கால் தானாக நின்றுவிட்டது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும்.

அது போதுமாயிருந்தது. இசக்கிசெல்வி பந்தை அள்ளினாள். எறிய ஆள் இல்லை, ஆகவே ஓடினாள். நெஞ்சுப் பட்டை குதிக்க, கால் கவசம் தடதடக்க, தேய்ந்த முழங்கால் இரண்டும் வேண்டாம் வேண்டாம் என்று கதற ஓடினாள். ஹேதல் விழித்துக்கொண்டு மறுபடி பாய்ந்தாள். பேஸ் எட்டும் தூரத்தில் இருந்தது. இசக்கிசெல்வி விழுந்தாள். விழுந்தபடி நீட்டிய கையில் இருந்த பந்து ஹேதலின் குதிகாலைத் தொட்டது. ரமேஷ்பாபு கட்டைவிரலை உயர்த்தி அவுட் என்றார்.

இந்த முறை யாரும் கொண்டாடவில்லை. கொண்டாடலாமா என்று கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. பார்க்கப்போனால் கொண்டாட முடியவும் இல்லை, ஏனென்றால் சூரத் மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் ஆட்டக்காரியைக் கேட்சர் குஜராத்தியில் அதட்டி நிறுத்தினாள், இது ஏமாற்று என்றார். ரமேஷ்பாபு இசக்கிசெல்வியைக் கேட்டார். மண்ணைத் துப்பிவிட்டு அவள் இந்தியில் உள்ளதைச் சொன்னாள்: நான் அதட்டியது எங்கள் தெருக்காரர்களை, அதில் ஜசோதாபென்னும் உண்டு. ரமேஷ்பாபு ஹேதலைக் கேட்டார். உன்னைப் பார்த்தா கத்தினாள்?

ஹேதல் தன் மேனேஜரைப் பார்த்தாள். பிறகு, கயிற்றுக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கைகட்டி நின்ற ஜசோதாபென்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கத்தவில்லை என்றாள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குரலில் நில் என்று சொன்னால் எந்தப் பெண்ணும் நின்றுவிடுவாள், என் கால் அப்படி வளர்ந்த கால், தப்பு என்னுடையது என்றாள். ரமேஷ்பாபு மறுபடியும் கட்டைவிரலை உயர்த்தினார். அதற்குப் பிறகு மைதானத்தில் யார் எந்த பாஷையில் கூச்சலிட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இசக்கிராஜாவும் அவன் கூட்டாளிகளும் தங்கச்சியை மீன்கூடை தூக்குவதுபோல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செல்வலட்சுமி பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், அது நம்ம பிள்ளைதான், நம்ம பிள்ளைதான் என்று ஒரு வேலையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே இருந்தபடி இசக்கிசெல்வி ஜிஷாவைத் தேடினாள். ஜிஷா நிர்வாகத்து ஆட்களோடு தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை வரக்கூடாது என்றவளின் காதுபட ஐந்து பாஷையில் கத்தியாகிவிட்டது. கோப்பை கிடைத்தது, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அழுகையை அடக்க மூக்கை உறிஞ்சினாள்.

இரண்டு அணியும் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு நகர்ந்தபோது ஹேதல் அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஓரமாக இழுத்துப்போய் வேகவேகமாகப் பேசினாள். எங்கள் கேட்சருக்குக் கல்யாணம், கனடா போகிறாள். அடுத்த வருடம் நீ சூரத்துக்கு வா. என் மேனேஜர்தான் கேட்கச் சொன்னார்; ஆமாம், புகார் கொடுத்த அதே ஆள்தான். எங்கள் ஊரில் உனக்குப் பேச ஆள் கிடைக்கும், எங்களுக்கும் பின்னால் உட்கார ஒரு ஆள் கிடைக்கும்.

இசக்கிசெல்விக்குத் தலை சுற்றியது. தன்னை, முழங்கால் தேய்ந்த இந்த வாயாடியை, ஒரு அணி தேடிவந்து கேட்கிறது! சந்தோஷத்தில் அவள் ஹேதலின் கையை நசுக்கிவிட்டாள். கூடவே, மட்டாஞ்சேரியை விட்டுப் போக வேண்டுமே என்று முதல் பேஸ் பக்கத்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது பின்னால் நிழல் விழுந்தது. ஜிஷா.

"என்ன கேக்குறா அவ?"

"சும்மா சேச்சி. கிச்சடியப் பத்தி."

ஜிஷா ஹேதலின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், இவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எடி செல்வி, எனக்குக் குஜராத்தி அறியாது. ஆனா ஆளக் கூட்டிட்டுப் போக வந்தவ மூஞ்சி எப்படி இருக்கும்னு அறியும். அவ என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு."

"நான் வாயத் தொறந்துட்டேனே சேச்சி."

"கேட்டுது. வைப்பின் வரைக்கும் கேட்டிருக்கும்." ஜிஷா சிரிக்க முயன்றாள். பழக்கமில்லாததால் அது சரியாக வரவில்லை. "டின்ஸி அடிக்கட்டும், அதுக்கு அவ போதும். ஆனா ஆட்டம் தீந்துச்சா தீரலையான்னு தெரிஞ்ச ஆளுதான் பின்னால உக்காரணும். அது நீ. அவங்ககிட்டயும் இப்பதான் சொல்லிட்டு வரேன். ம், சொல்லு அவகிட்ட."

இசக்கிசெல்விக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஹேதலின் பக்கம் திரும்பி, முடியாது என்பதைக் குஜராத்தியில் சொல்லத் தொடங்கினாள். கல்யாணமாகிப் போகிற கேட்சருக்கு மாப்பிள்ளை யார், கனடாவில் அவனுக்கு என்ன வேலை, சூரத்தில் மழை எப்படி, ஹேதலின் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் இடையிடையே விசாரித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள், மைதானத்தில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி முடித்துவிட்டார்கள்.